எதிரே வரும் பஸ்

காலை ஷிஃப்ட் வாரங்களில் எங்கள் கம்பெனி பஸ் குன்றத்தூரைத் தாண்டும்போது முழுதாக விடிந்திருக்காது. விட்ட தூக்கத்தைத் தொடர்ந்தபடி ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொள்வேன். வலப்பக்கத்து மரங்களுக்கு இடையே செம்பரம்பாக்கம் ஏரி வெளுப்பாக வந்து வந்து போகும். அது ஏரியா, நான் காணும் கனவா என்று பல நாள் எனக்கே தெரிந்ததில்லை.

ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த அந்த ஜன்னல் சீட்டை என் லைனில் வேலை பார்த்த அக்கா ஒருத்தி கேட்டாள்.

"ஜன்னல எனக்கு வுட்டுடுமா. கேன்டீன்ல உனக்கும் சேத்து நானே க்யூல நிக்கிறேன்."

ஏரியை விடச் சோறு பெரிதாகப் பட்டது. விட்டுக்கொடுத்தேன்.

அவள் வடக்குப்பட்டில் இருந்த கணவன் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு, குன்றத்தூரில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் வேலையை விட்டுவிட்டு மாமனார், மாமியாரோடு இருக்கவேண்டும் என்பது அவன் பேச்சு. வேலையும் வேண்டும், குன்றத்தூரில் தனி வீடும் வேண்டும் என்பது அவள் பேச்சு. இருவருமே போன் செய்வதில்லை. அவனுக்கு வேறு கம்பெனியில் நைட் ஷிஃப்ட். வேலை முடித்து அவர்கள் பஸ் போரூர்ப் பக்கம் ஆட்களை இறக்க வரும். அவன் அதில்தான் வருவான்; போரூரில் இருந்த தன் அண்ணன் வீட்டில் அப்போது தங்கியிருந்தான். இரண்டு பஸ்ஸும் ஏரிப் பக்கம் ஒன்றையொன்று கடக்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவளுக்கு ஜன்னல்.

"மூஞ்சி செரியா தெரியல. ஆனா கீறாரு," என்பாள்.

ஒருநாள் அவள் ஓடிவந்து கடைசியில் ஏறியதால் பின்சீட்டில்தான் இடம் கிடைத்தது. ஜன்னலில் நான். சாலையில் பள்ளம் தோண்டியிருந்ததால் இரண்டு பஸ்ஸும் ஊர்ந்தன. எதிர் பஸ்ஸில் ஒரு முகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு எங்கள் ஜன்னல்களைத் தேடிக்கொண்டே வந்தது. அவள் போனில் பார்த்த கல்யாணப் போட்டோ முகம். என்னைக் கண்டதும் அது அப்படியே வாடிவிட்டது.

கேன்டீனில் சொன்னேன்.

"நெசமாவா? என்னையா தேடுச்சு?" என்று கரண்டியைக் கீழே வைத்தாள். "வர்ற ஞாயித்துக்கெழம நானே பொட்டியத் தூக்கினு போயிரலாம்னு இருந்தேன்டி."

கரண்டியை மறுபடி எடுத்தாள். பிறகு முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"அப்டின்னா அவரே வரட்டும்."

சேர இருந்தவர்களைப் பிரித்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது. மறுநாளிலிருந்து தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். எதிர் பஸ் வரும்போது நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கடந்துபோனதும் மெல்லிய குரலில் என்னிடம், "பாத்துச்சா?" என்பாள். நான் தலையாட்டுவேன். ஞாயிறு போயிற்று, அடுத்த ஞாயிறும் போயிற்று. அவன் வரவில்லை. பூ வைப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

அப்புறம் அவளுக்குக் காய்ச்சல் வந்து லீவு போட்டாள். முதல் நாள் அந்த முகம் தேடியது. மறுநாள் பனியில் அந்த பஸ் மிதந்து வருவதுபோல் வந்தபோது, அவன் சீட்டில் இல்லை. ஓட்டுநர் பக்கத்தில் நின்று முன்கண்ணாடி வழியே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான். ஏதாவது சொல்லவேண்டும்போல இருந்தது. கையை நெற்றியில் வைத்துக் காட்டினேன். புரிந்ததோ என்னவோ.

அன்று சாயங்காலமே இளநீரோடு அவள் அம்மா வீட்டு வாசலில் நின்றானாம்.

வேலைக்குத் திரும்பி வந்த அன்று கேன்டீன் வரிசையில் நின்றபடியே எல்லாம் சொன்னாள். எங்கள் பஸ் ஓட்டுநர் அவனுடைய ஊர்க்காரராம். "உன் பொண்டாட்டி அந்த ஜன்னலுக்காக அடுத்தவளுக்குச் சோத்து க்யூல நிக்குது" என்று எப்போதோ சொல்லியிருக்கிறார். எப்படியும் இவளே வந்துவிடுவாள் என்று அவனும் அசையாமல் இருந்திருக்கிறான்.

"நா தேடுறது அவருக்குத் தெரியும். அவரு தேடுறது எனக்குத் தெரியும். அதான் ரெண்டு பேருமே எறங்கி வர்ல," என்றாள். "சீட்டுல நா இல்லன்னதும் அவருக்கு ஒண்ணும் புரியலையாம். பயந்துட்டாராம்."

"இன்னா முடிவாச்சு?"

"வேலைய வுட மாட்டேன்னேன். செரின்னுட்டாரு. குன்றத்தூர்லயே மல அடிவாரத்துல வூடு பாத்துக்கீறோம். ஆனா லீவு நாளெல்லாம் வடக்குப்பட்டுக்குப் போவணுமாம். மாசத்துல ஒரு நாளு தான்னு நா சொல்லிக்கீறேன்."

தட்டை நீட்டியபடி சிரித்தாள். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.