துவக்குக்காரருக்காகக் கதைத்தவர்

கனகலிங்கம் சபையில் வாய் திறக்கமாட்டார். கோயில் கூட்டமென்றால் தூணுக்குப் பின்னால் இருப்பார். பள்ளிக்கூடக் கூட்டமென்றால் தலையிடி என்று சொல்லி மனைவி குணலட்சுமியை அனுப்பிவிடுவார். கோப்பாய்க் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், நாலெழுத்துப் படித்தவர், கணீரென்ற குரல். இப்படிப்பட்டவர் ஏன் ஒதுங்குகிறார் என்று கேட்டால், “அடக்கமான மனுசன், பேர் புகழுக்கு ஆசைப்படாதவர்” என்பார்கள் ஊரில். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அவருக்கு முதுகில் சூடு வைத்ததுபோல இருக்கும். அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது! எண்பத்து நாலாம் ஆண்டு தை மாதம் வரைக்கும் கோப்பாயில் அவரைப்போல ஒரு வாய்க்காரன் இருந்ததில்லை.

அந்த நாளில் லைசென்ஸ் எடுத்துத் துவக்கு வைத்திருந்தவர்கள் எங்கள் பக்கத்தில் இரண்டு வகை. வயலைக் காக்க வைத்திருந்த கமக்காரர் ஒரு வகை. விளையாட்டுக்குச் சுடுகிறவர்கள் மற்ற வகை. கனகலிங்கம் இரண்டாவது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடல்நீரேரிப் பக்கத்துத் தரவை வெளியில் கூடுவார்கள். ஒருவர் தேங்காய்ச் சிரட்டையை மேலே எறிய மற்றவர் சுடுவார். அதற்கொரு கழகம், அதற்குக் கனகலிங்கம் செயலாளர். பக்கத்து உரும்பிராயிலும் ஒரு கழகம் இருந்தது. அதன் தலைவர் அருளம்பலம், காணி அளந்து ஓய்வுபெற்ற சேவையர், வெயிலோ மழையோ தொப்பி கழற்றாதவர். எங்கடை ஆட்கள் இரண்டு பேர் ஒன்றுசேர்ந்தால் மூன்று கழகம் தொடங்குவார்களே, அந்த வியாதிதான். எது மூத்த கழகம், எது பெரிய கழகம் என்று இந்த இரண்டு பேரும் முட்டிக்கொள்ளாத பொங்கல் இல்லை.

அந்தத் தைப்பொங்கல் போட்டிக்குக் கிட்டவாகக் கனகலிங்கத்தின் துவக்கில் விசைவில் உடைந்துபோயிற்று. ஓடினார் ஏரம்புவிடம். ஏரம்பு தரவையோரம் நெல் விதைக்கிற கமக்காரர், கனகலிங்கத்துக்குச் சில வயது மூத்தவர். தகப்பன் காலத்து ஒற்றைக்குழல் துவக்கு அவரிடம் இருந்தது. சுட்டால் பிசகாது. ஒருவர் பேரில் லைசென்ஸ் உள்ள துவக்கை இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாதென்பது சட்டம். ஊருக்கு ஏது அந்தச் சட்டம்? ஏணி, கிடாரம், மண்வெட்டி இரவல் போய் வருவதுபோலத் துவக்கும் போய் வரும்.

“கொண்டு போ தம்பி. பொங்கல் முடியத் தந்தால் போதும். அதுவரைக்கும் நான் தகரம் தட்டிக் கலைக்கிறன்” என்றார் ஏரம்பு. கதிர் முற்றுகிற காலம் அது. கிளியும் தாராவும் கூட்டமாக வந்து இறங்குகிற காலம்.

கனகலிங்கம் போட்டியில் வென்றார். பரிசுக் கப்பைச் சங்கக்கடையில், சீனிச் சாக்குக்கு மேலிருந்த தட்டில் வைத்தார். துவக்கைத் திருப்பிக் கொடுத்தாரா? இன்னொரு ஞாயிறு சுட்டுப் பார்ப்போம் என்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். விடியற்காலையில் தரவைப் பக்கமிருந்து ஏரம்பு தகரம் தட்டுகிற சத்தம் அவர் படுக்கைக்குக் கேட்கும். திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அதற்குள் வந்தது அந்த அறிவித்தல். முந்தின ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இயக்கப் பெடியள் வீடு வீடாகப் போய்த் துவக்கு வாங்கத் தொடங்கியிருந்தார்கள். லைசென்ஸ் துவக்குகளை என்ன செய்வதென்று அரசாங்கம் யோசித்தது. துவக்குக்காரர் சார்பில் பகுதிக்கு ஒருவர் வந்து அபிப்பிராயம் சொல்லட்டும் என்று பட்டணத்திலே ஒரு பெரிய உத்தியோகத்தர் கேட்டிருந்தார்.

ஒருவர்! அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. எங்கள் கழகம்தான் மூத்தது, நான்தான் போவேன் என்றார் அருளம்பலம். கனகலிங்கத்துக்கு நித்திரை வரவில்லை. தன் கழகத்தில் ஆட்கள் குறைவென்று தெரிந்து, அதுவரை திரும்பியும் பார்க்காத கமக்காரரையெல்லாம் சங்கக்கடை வேம்புக்குக் கீழே கூப்பிட்டார். ஆளுக்கொரு சோடா. “நாங்கள் எல்லாரும் ஒண்டுதானே?” என்று ஒரு பிரசங்கம். முதலில் கை தூக்கியவர் ஏரம்பு.

“தம்பி கதைக்கட்டும். கதைக்கத் தெரிஞ்ச ஆள். ஒண்டே ஒண்டு கேள் தம்பி. அறுவடை முடியுமட்டும் எங்கடை துவக்கை எங்களிட்டை விடச் சொல்லிக் கேள். பிறகு அவங்கள் கொண்டு போகட்டும்.”

“அதை விட்டிட்டு வேறை என்னத்தைக் கேக்கப்போறன் அண்ணை?” என்றார் கனகலிங்கம். அந்த நேரத்தில் அது பொய்யுமில்லை.

கந்தோருக்குப் போனால் அங்கே தொப்பியோடு அருளம்பலம் நிற்கிறார். உத்தியோகத்தருக்கு முன்னால் போட்டிருந்தது ஒரு கதிரை. அதன் முதுகை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, நான்தான் பிரதிநிதி, நீர் ஆர் என்று நின்ற நிலையைப் பார்த்து உத்தியோகத்தர் சிரித்துவிட்டார். இன்னொரு கதிரை கொண்டுவரச் சொன்னார். பக்கத்து யன்னலோரம் காக்கி உடுப்போடு ஒருவர் கொப்பியும் பேனையுமாய் இருந்தார்.

“ஆரின்ரை துவக்கு பாதுகாப்பாய் இருக்குது, ஆரின்ரை துவக்கு இல்லை? அதைச் சொல்லுங்கோ” என்றார் உத்தியோகத்தர்.

அருளம்பலம் முந்திக்கொண்டார். “சேர், விளையாட்டுக்காரற்றை துவக்குக்கு ஒரு பயமும் இல்லை. எல்லாம் பூட்டுக்குள்ளை. வயல்காரற்றைதான் யோசிக்க வேணும்.”

உத்தியோகத்தர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைக் கனகலிங்கத்தால் பொறுக்க முடியவில்லை. சேவையரைவிட ஒரு படி மேலே போக வேண்டும், அதுவும் அந்தக் கணமே போக வேண்டும். அறுவடை மறந்தது, வேம்படி மறந்தது, கொடுத்த வாக்கும் மறந்தது.

“சும்மா பொதுவாய்ச் சொல்லக் கூடாது சேர், உதாரணம் சொல்ல வேணும். எங்கடை தரவையோரம் ஏரம்பு எண்டொரு ஆள். அவற்றை துவக்கு வயல் கொட்டில் முகட்டு வளையிலை தொங்குது. கொட்டிலுக்குக் கதவும் இல்லை. ஆர் வந்தாலும் எடுத்துக்கொண்டு போகலாம். எங்கடை கழகத்திலை அப்பிடியொரு பழக்கமே கிடையாது!”

“குட்” என்றார் உத்தியோகத்தர். கனகலிங்கம் சேவையரைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் இன்னொருவனைக் கெடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு எழும்பியது.

பஸ் ஏறி, கோப்பாய்ச் சந்தி கிட்ட வரும்போதுதான் சுரீரென்றது. அந்தத் துவக்கு வளையில் எங்கே தொங்குகிறது? என்ரை அலுமாரிக்குள்ளை அல்லவா கிடக்குது!

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் குணலட்சுமி நெஞ்சில் கை வைத்தாள். “ஐயோ, இப்பவே கொண்டுபோய் அந்த மனுசனிட்டைக் குடுத்திட்டு வாங்கோ.”

“றோட்டிலை ஜீப் திரியுது. விடியட்டும்.”

விடிந்தது. தகரச் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. ஜீப் நேரே கொட்டிலுக்குப் போயிருந்தது. துவக்கு எங்கே என்று கேட்டார்கள். ஏரம்பு விழித்தார். பெடியளுக்குக் கொடுத்துவிட்டாய் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள்.

“போய்ச் சொல்லுங்கோ. இரவலாய் வாங்கினது நான்தான் எண்டு சொல்லுங்கோ. ஒரு சொல்லுத்தானே?” என்று குணலட்சுமி அழுதாள். கனகலிங்கம் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு சந்தி வரைக்கும் போனார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தார். அடுத்த நாளும் சேட்டைப் போட்டார். அன்றைக்குச் சந்தி வரைக்கும்கூடப் போகவில்லை. வளவின் கோடியில் இருந்த பாழ்கிணற்றுக்குள் துவக்கைப் போட்டார், கப்பையும் போட்டார். வேம்புக்குக் கீழே அத்தனை கை தூக்க வைத்த குரல், ஒரு மனிதனை மீட்க எழும்பவில்லை. தூ, அதுவும் ஒரு குரலா!

ஏரம்பு வைகாசியில் வந்தார். வலது கை விரல்கள் மடங்கவில்லை. நெல்லில் பாதி பறவைக்குப் போய், மீதியை மனைவி நல்லம்மா தனியே அறுவித்திருந்தாள். துவக்குக்காரர் எல்லாரும் துவக்கைக் கொடுத்தாயிற்று, கழகமும் இல்லை, சிரட்டையும் இல்லை. கனகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு பார்க்கப் போனார்.

“பயப்பிடாதை தம்பி” என்றார் ஏரம்பு. “தொலைஞ்சு போச்சு எண்டுதான் சொன்னனான். எவ்வளவு அடிச்சும் உன்ரை பேரை வாயிலை எடுக்கேல்லை. நீ எங்களுக்காகக் கதைக்கப் போன ஆள், உன்னைக் காட்டிக் குடுக்கலாமோ?”

கனகலிங்கம் விக்கி விக்கி அழுதார். நன்றியில் அழுகிறான் என்று நினைத்த ஏரம்பு, மடங்காத கையால் அவர் முதுகைத் தடவினார். அந்த வேளையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ‘என்ரை பேரை மறைச்ச மனுசன்ரை பேரை நான்தான் குடுத்தனான்’ என்று தனியே இருக்கும்போது தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பார். வெட்கத்தில் காது எரியும். அதோடு சபை ஏறுவதை விட்டார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி முன்னேறி வர, வலிகாமம் முழுவதும் எழும்பி நாவற்குழிப் பாலத்தால் நடந்தது. மழை, இருட்டு, சனக் கடல். கோப்பாய் ஆட்களும் உரும்பிராய் ஆட்களும் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் போய் ஒதுங்கினார்கள். நிவாரணம் கொடுக்க வந்தவர்கள், “உங்கள் சார்பில் ஒருவர் வந்து கதையுங்கோ” என்றார்கள்.

ஒருவர்! வீடு வாசல் போயும் வியாதி போகவில்லை. கோப்பாயா உரும்பிராயா என்று வகுப்பறை இரண்டாகிவிட்டது. அப்போது ஏரம்பு எழும்பினார்.

“எங்கடை கனகலிங்கம் கதைக்கட்டும். அண்டைக்கும் எங்களுக்காகக் கதைக்கப் போனவர்.”

“வேண்டாம் அண்ணை” என்றார் கனகலிங்கம்.

“பார்த்தீங்களோ, இப்பவும் அடக்கம்தான்.”

உரும்பிராய்ப் பக்கத்திலிருந்து சேவையர் அருளம்பலம் தடியை ஊன்றி எழும்பினார். வயது போயிருந்தது, தொப்பி மட்டும் இருந்தது. “உவரோ? உவர் ஆருக்காகக் கதைச்சவர்? ஏரம்பு எண்டொருத்தன்ரை துவக்கு கதவில்லாக் கொட்டிலிலை தொங்குது எண்டு சொல்லிக் குடுத்தவர். நான் பக்கத்துக் கதிரையிலை இருந்தனான்!” அவருக்கு அந்த ஏரம்பு எதிரே நிற்கிறவர்தான் என்று தெரியாது.

ஏரம்பு கனகலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

“ஓமோ தம்பி?”

“ஓம் அண்ணை.”

ஏரம்பு கோபப்படுவார், ஏசுவார், அடிப்பார் என்று கனகலிங்கம் காத்திருந்தார். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தார்.

“இந்தக் கை போனது எனக்குத் துக்கமில்லை” என்றார் ஏரம்பு. “ஒருத்தனைக் காப்பாத்தினனான் எண்டொரு நினைப்பு இருந்தது. இவ்வளவு காலமும் அதை வைச்சுத்தான் சோறு திண்டனான். இப்ப அதுவும் போச்சு.”

பிறகு அருளம்பலமே போய்க் கதைத்தார். பிள்ளைகளுக்குப் பால்மா வந்தது. கனகலிங்கம் வரிசைக்குப் போகவில்லை. பின்னேரம் ஏரம்பு அடுத்த வகுப்பறைக்குப் போகத் தன் பாயைச் சுருட்டத் தொடங்கினார். ஒரு கையால் சுருட்டச் சுருட்ட அது விரிந்தது. கனகலிங்கம் ஓடிப்போய்க் குனிந்து மற்ற நுனியைப் பிடித்தார்.

“விடும்” என்றார் ஏரம்பு. தம்பி என்று சொல்லவில்லை.