ரத்தம் வராத அடிக்கு நஷ்டஈடு

1. லாரியில்

பாக்கியத்துக்கு அடிபட்ட காலையில் நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக்கார அரசாங்கம் கம்யூனிஸ்ட்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம் அது. ரந்தாவ் பக்கம் எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சோறு கொண்டுபோகிறோமா என்று, பால்வாளி முதல் இடுப்பு மடி வரை கேட்டில் சோதித்த பிறகுதான் லாரியில் ஏற்றுவார்கள். குண்டு பாயாமல் இருக்க லாரியின் பக்கவாட்டில் இரும்புத் தகடு அடித்திருந்தது. அந்தத் தகடு யாரைக் காப்பாற்றியதோ தெரியாது. பாக்கியத்தின் மண்டையைப் பதம் பார்த்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

பாதையில் மரம் ஒன்று விழுந்து கிடந்தது. காற்றில் விழுந்த மரம்தான். சுடுவதற்காக வழி மறித்திருக்கிறார்கள் என்று பயந்து டிரைவர் பிரேக்கை ஓங்கி அழுத்தினார். பாக்கியத்தின் தலை தகட்டில் மோதியது. கொஞ்ச நேரம் பேச்சு மூச்சில்லை. எழுந்ததும் வாந்தி எடுத்தாள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் தலையைத் தடவிப் பார்த்தார். "வீக்கம்தான். தைலம் போட்டுக்க. ரெண்டு நாள் கழிச்சி வேலைக்குப் போ," என்றார். அவ்வளவுதான் வைத்தியம்.

2. நிரையில்

பாக்கியம் புருஷனை இழந்தவள். இரண்டு பிள்ளைகள். பால்மரம் வெட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி கட்டை வரை இறங்கினால் மரத்துக்குக் காயம். அவள் மரத்தில் காயம் பார்த்ததாக, வேலையை மேற்பார்க்கும் மண்டோரே சொன்னதில்லை.

அடிபட்ட பிறகு எல்லாம் மாறிப்போனது. அவள் வெட்டும் மர வரிசைக்குப் பக்கத்து நிரை என்னுடையது. வெட்டிய மரத்தடியிலேயே திரும்பவும் கத்தியோடு நிற்பாள்.

"அக்கா, இந்த மரத்த வெட்டிட்டனா?"

"வெட்டிட்ட புள்ள. அடுத்ததுக்குப் போ."

அவள் தலையாட்டிவிட்டுப் போவாள். சில மாதங்களில், மரத்தை நாசம் செய்கிறாள் என்று அவளைப் புல்வெட்டுக்கு மாற்றினார்கள். சம்பளம் பாதியாகிவிட்டது. நஷ்டஈடு கேட்டு நான் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் போனேன்.

"ரத்தமே வரலலா, என்னா நஷ்டஈடு? சும்மா நடிக்கிறா."

அடுத்த லீவு நாளில் பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, சிரம்பான் லேபர் ஆபீசில் புகார் கொடுத்தேன். கேட்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

3. விசாரணை

விசாரிக்க வந்த அதிகாரி தமிழ் பேசத் தெரிந்த வெள்ளைக்காரர். துப்பாக்கி போலீஸ் காவலோடு எஸ்டேட் ஆபீசுக்கு வந்தார். எங்கள் மேனேஜர் தொரையும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"பாக்கியம், இப்போ ஒடம்பு எப்படி?" என்று அதிகாரி கேட்டார்.

"நல்லா இருக்கேன் தொரை," என்றாள் பாக்கியம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் எல்லாருக்கும் ஊறிப்போன பழக்கம் அது. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு நின்றாலும், தொரை கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வோம். அவளுக்கு அந்த அதிகாரியும் ஒரு தொரைதான். கிராணி காகிதங்களை அடுக்கத் தொடங்கிவிட்டார்.

நான் எழுந்து நின்றேன். "ஒன்னு கேக்கணும் தொரை."

"நீ சாட்சி. கேட்டா மட்டும் பேசு," என்றார் மேனேஜர்.

அதிகாரி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "பேசட்டும்."

"அவ தல நல்லாத்தான் இருக்குன்னு எஸ்டேட்டு சொல்லுது. மரத்தக் காயப்படுத்துறான்னு புல்லு வெட்ட அனுப்புனதும் இதே எஸ்டேட்டுதான். தல நல்லா இருந்தா கை ஏன் தப்புது? ரெண்டுல எது நெசம்? அவ நிரைக்கு வந்து பாருங்க தொரை."

அதிகாரி தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

எங்கள் எஸ்டேட்டில் வெட்டு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று தெரிய, மாதத்துக்கு ஒரு கோடு மரத்தில் பெயிண்டால் போட்டு வைப்பார்கள். பாக்கியத்தின் நிரைக்கு வந்ததும் அதிகாரி ஒரு கோட்டில் விரலை வைத்தார். அதற்கு மேலே பட்டை வழவழவென்று வளர்ந்திருந்தது. கீழே கொத்துக் கொத்தாகக் காயம்.

"இந்தக் கோடு எப்ப போட்டது?"

மண்டோர் மேனேஜரின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "லாரில அடிபட்டாளே, அந்த மாசம் தொரை," என்றார்.

மரத்துக்கு மரம் அதே கதைதான். அங்கேயே நின்று, பாக்கியத்தைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி அதிகாரி உத்தரவு போட்டார். அங்கே டாக்டர் உள்காயம் என்று எழுதிக் கொடுத்தார். நஷ்டஈடு வந்தது. அவள் தலை மட்டும் பழையபடி ஆகவே இல்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறுவதில்லை.

இப்போது வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கை ஒடிந்தவர் கையைத் தூக்கிக் காட்டுவார். தலையில் அடிபட்டவருக்குத் தன்னிடமிருந்து என்ன போயிற்று என்றே தெரியாது. கூட வேலை செய்தவர்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

சொன்னதற்கு எனக்கும் கூலி கிடைத்தது. அடுத்த மாதமே என் நல்ல நிரையைப் பிடுங்கி, மலைச்சரிவில் ஒரு நிரையைக் கொடுத்தார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். அடுத்த ஆளுக்கு அடிபட்டபோது அந்தச் சரிவிலிருந்து இறங்கித்தான் ஆபீசுக்குப் போனேன்.