தொட்டிப் புல்லுக்கு நல்ல தண்ணீர்

கல்யாணமான நாற்பதாம் நாள், மழை பிடித்துக்கொண்ட சமயத்தில், என் வீட்டுக்காரர் வெலிங்டன் தீவுத் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். எண்பதுகளின் தொடக்கம் அது. சரக்குக் கப்பலில் வேலை. போனால் பத்து மாதம். எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று மட்டாஞ்சேரி வாடகை அறையில் ஒரு மீன்தொட்டியை வைத்துவிட்டுப் போனார். பெண்டாட்டிக்கு மீன் துணை! நல்ல ஏற்பாடுதான்.

புறப்படுவதற்கு முந்தின நாள் குளக்கரையிலிருந்து ஊசி போல மெல்லிய புல் கொண்டுவந்து, சிறு சிறு பிடியாகப் பிரித்து, முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி மணலில் ஊன்றினார். "நான் வர்றதுக்குள்ள இது கம்பளம் மாதிரி பரவியிருக்கணும், பாத்துக்கோ" என்றார். அதை நான் சத்தியமாகவே எடுத்துக்கொண்டேன். புல் பரவி முடிந்தால் அவர் வந்துவிடுவார் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம்.

மாதம் ஒருமுறை நுனியைக் கத்தரிப்பேன். அப்போதுதான் பக்கவாட்டில் வேர் ஓடும். ஒரு விரல் தள்ளிப் புதுத் தளிர் எட்டிப் பார்க்கும் அன்றைக்கெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கும். மீன்களிடம் சொன்னேன்.

கோடையில்தான் சிக்கல். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் உப்பு ஏறிவிடும். குழாய்த் தண்ணீர் நாளுக்கு ஒரு குடம். ஒருமுறை சோம்பல்பட்டுக் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினேன். நாலே நாளில் ஒரு மூலைப் புல் பழுத்துப்போனது. உட்கார்ந்து அழுதேன். அதன் பிறகு குடிக்க ஒரு செம்பு போக, குழாய்த் தண்ணீர் முழுக்கத் தொட்டிக்கு. என் சோறும் குழம்பும் கிணற்றுத் தண்ணீரில்.

"புல்லுக்கு நல்ல வெள்ளம், உனக்கு உப்பு வெள்ளமா? பிராந்தாடீ உனக்கு?" என்று, பைத்தியமா என்பதுபோல், பக்கத்து வீட்டுச் சேச்சி தன் மலையாளத் தமிழில் திட்டினாள். முதல் வாரம் சோற்றை வாயில் வைக்க முடியவில்லை. பிறகு பழகிவிட்டது.

அவர் திரும்பி வந்த அன்று துளி மணல்கூடத் தெரியாமல் புல் பரவியிருந்தது. கண்ணில் படட்டும் என்று தொட்டிக்கு எதிரே இலை போட்டேன். முதல் கவளத்திலேயே முகத்தைச் சுளித்தார்.

"சோத்துல ஏன் இவ்ளோ உப்பு?"

நான் உப்பே போடவில்லை. எனக்கு நாக்கில் தெரியவும் இல்லை. செம்பை எடுத்து மடமடவென்று குடித்தவரின் பார்வை அப்போதுதான் தொட்டிக்குப் போனது.

"அட, நல்லாயிருக்கே! இந்தப் புல்லை எப்ப நட்டே?"

"நீங்க கப்பலேறினதுக்கு முந்தின நாள்" என்றேன்.

அப்படியா என்று சொல்லிவிட்டு, மோர் கேட்டார்.