தூர் வாரிய கிணறு

தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோனது எண்பதுகளில். அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சோறு வடித்தால் மஞ்சளாக வரும். பருப்பு வேகாது. தலைக்குக் குளித்தால் முடி கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். தோல் தொழிற்சாலைகளின் கழிவு கால்வாயில் கலந்து, நிலத்துக்குள் இறங்கி, எங்கள் கிணறுகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. இது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம், அரசாங்கக் காகிதத்தில் ஏற வேண்டுமே.

தண்ணீரைப் பரிசோதித்துக் கெட்டுப்போனது என்று எழுதிக்கொடுத்தால், அந்தப் பகுதிக்கு அரசே குழாய் போட்டு நல்ல தண்ணீர் தரும் என்று அப்போது ஓர் ஏற்பாடு வந்தது. ஆலை மீதும் நடவடிக்கை எடுப்பார்கள் என்றார்கள். நான் தமிழ் டீச்சர். மனு எழுதுவது எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. எங்கள் பக்கத்துத் தோல் ஆலையின் பெயரைப் போட்டு மூன்று பக்கத்துக்கு எழுதி, முதல் கையெழுத்தையும் நானே போட்டேன்.

இரண்டாவது கையெழுத்து எங்கள் பள்ளி ஆயா அக்காவுடையதாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். அக்கா எங்கள் காலனிக்குப் பின்னால் கால்வாயை ஒட்டியிருந்த பழைய ஊர்க்காரர். அவர் வீட்டுக்காரருக்கு அதே ஆலையில்தான் வேலை, சுண்ணாம்புத் தொட்டியில் தோல் ஊறப்போடுவது. அவர்களுடைய பெண்ணுக்கு முழங்காலுக்குக் கீழே முழுக்கப் புண். ஆறும், குளித்தால் மறுபடி வெடிக்கும்.

"நான் போட்டா அவர வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க டீச்சர்" என்றார் அக்கா.

"ஆலையில் வேலை செய்கிறவர் குடும்பமே எழுதிக்கொடுத்தால் அப்புறம் யார் மறுக்க முடியும்? ரிப்போர்ட் வந்துவிட்டால் உங்கள் மேல் கைவைக்க அவர்களுக்குத் தைரியம் வராது" என்றேன். வகுப்பில் பேசுகிற அதே குரலில் சொன்னேன். அக்கா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் மத்தியானம், பிள்ளைகள் சாப்பிட்ட இடத்தைக் கூட்டிவிட்டு வந்து, எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசியில் கடிதம் வந்தது. முதலில் கையெழுத்திட்டவர் வீட்டுக் கிணற்றில் மாதிரி எடுக்க புதன்கிழமை காலை ஆள் வருவார் என்று போட்டிருந்தது.

படித்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பதற்றம்தான் வந்தது. எங்கள் கிணற்றில் பாசி. போன வருடம் விழுந்த தேங்காய் மட்டைகூட உள்ளேதான் கிடந்தது. இப்படித்தான் பக்கத்துக் காலனிக்கு மாதிரி எடுக்க வந்த ஒருவர், "கிணத்தை இப்படிப் போட்டு வெச்சிட்டு கம்பெனியைக் குறை சொன்னா எப்படி?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தப் பேச்சை என் வாசலில் கேட்க நான் தயாராக இல்லை. விஷம் அடியிலிருந்து வருகிறது, மேலே இருக்கும் பாசியை எடுத்தால் அதற்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை லீவு போட்டு, இரண்டு ஆட்களை வைத்துக் கிணற்றை ஒட்ட இறைத்துத் தூர் வாரினேன். கிணற்றுச் சுவரின் சிமெண்ட் உறைகளைத் தேய்த்துக் கழுவவும் சொன்னேன்.

எங்கள் கிணற்றில் ஊற்று மெதுவாகத்தான் ஊறும். அரசாங்க ஆள் வந்து வாளி விடும்போது வெறும் மணல் கிடந்தால் மானக்கேடு என்று கவலையாக இருந்தது. நல்லவேளையாகச் சாயந்திரம் மழை பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயைக் கிணற்றுக்குள் திருப்பிவிட்டார். காலையில் எட்டிப்பார்த்தால் நான்கு உறை உயரத்துக்குத் தண்ணீர் ஏறியிருந்தது. கடவுளே பார்த்து நிரப்பியதாக இருவரும் பேசிக்கொண்டோம்.

ஜீப்பில் வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளை கேன்களை இறக்கி வைத்துவிட்டுக் கிணற்றை எட்டிப்பார்த்தார்.

"இன்னாம்மா, இவ்ளோ சுத்தமா கீது?"

"நேற்றுதான் சார் தூர் வாரினோம்" என்றேன், பெருமையாக.

அவர் மாடிக் குழாயைப் பார்த்தார். ஈரத் தரையைப் பார்த்தார். "இது மழைத் தண்ணிம்மா. இத்த எடுத்துகினு போயி நான் இன்னா பண்றது? யாரு உங்கள தூர் வாரச் சொன்னது?"

கால்வாய் ஓரத்து ஊரில் வேறு கிணறு இருக்கிறது, காட்டுகிறேன் என்றேன். அவர் தாளை நீட்டினார். அதில் என் பெயரும் என் வீட்டு எண்ணும் மட்டுமே இருந்தன. எடுக்காமல் போனால் மேலே கேள்வி கேட்பார்கள் என்றார். ஆபீசுக்கு நேரில் வந்து நடந்ததை எழுதிக் கொடுங்கள், மறுபடி அனுப்பச் சொல்கிறேன் என்றார். கேன்களை நிரப்பிக்கொண்டு, நான் கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நான் நேரில் போகவில்லை. நானே கிணற்றைக் கழுவி மழைத் தண்ணீர் விட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். தை மாதம் ரிப்போர்ட் வந்தது. தண்ணீர் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது, புகாரில் ஆதாரமில்லை. அதன் நகல் மனுவோடு சேர்ந்து ஆலைக்கும் போனது.

அடுத்த வாரம் அக்காவின் வீட்டுக்காரரை ஆலை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்கா பள்ளிக்கு வந்து, விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி, "அந்தத் தண்ணியா நல்லா கீதுன்றாங்க டீச்சர்? எப்டி?" என்று கேட்டார். நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். தெரியவில்லை அக்கா என்று சொல்லிவிட்டு அடுத்த நோட்டை எடுத்தேன். சித்திரையில் அவர்கள் ஊரை விட்டே போனார்கள்.

தொண்ணூறுகளில் ஆலைகளின் கழிவை ஒரே இடத்தில் சேர்த்துச் சுத்திகரிக்க ஏற்பாடு வந்தது. எங்கள் தெருவுக்கும் குழாய் வந்தது. அக்காவுடைய ஊரில் அதற்குள் பாதி வீடுகள் காலி.

அதற்குப் பிறகு ஒருநாள் தாம்பரம் ஸ்டேஷனில் அக்காவைப் பார்த்தேன். ஊரப்பாக்கத்தில் இருப்பதாகச் சொன்னார். வீட்டுக்காரர் ஒரு வருடமாகப் படுக்கையில் இருக்கிறாராம். கூட வந்த பெண் வளர்ந்திருந்தாள். பாவாடையை வேண்டுமென்றே தரையில் புரளுகிற மாதிரி கட்டியிருந்தாள்.

"அன்னிக்கு ஜீப்புல வந்தானே, அவன்தான் டீச்சர் எங்க குடும்பத்தக் கெடுத்தவன். கம்பெனிக்காரன்கிட்ட துட்டு வாங்கிகினு எழுதிட்டான். வெளங்குவானா அவன்? நீங்க ஒருத்தர்தான் எங்களுக்காக நின்னீங்க" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாம் அக்கா. வாங்கித்தான் இருப்பான்" என்றேன்.