முடிந்து வைத்த இருபது பைசா

மஞ்சள் துணியைப் பார்த்தால் எல்லாருக்கும் பக்தி வரும். எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. முப்பது வயதைத் தாண்டியும் ஒரு இருபது பைசாவுக்காகப் பெற்ற தாய்மேல் கறுவிக்கொண்டிருப்பவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்பாவுக்குத் தாராவியில் பங்கார் கடை. பழைய இரும்பும் பித்தளையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவற்றைக் கிளறிச் செல்லாத காசு பொறுக்குவேன். அதிலும் இருபது பைசாதான் எனக்கு வேண்டும். பத்துக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் வந்து, யார் கைக்கும் சரியாகப் பழகாமலே போய்ச் சேர்ந்த காசு. தம்பி பிறந்தபிறகு வீட்டில் என் நிலைமையும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஒருநாள் உல்லாஸ்நகரிலிருந்து வந்த மூட்டையில் வினோதமாக ஒன்று கிடைத்தது. இருபது என்று போட்டிருந்தது, வருஷம் இல்லை. விளிம்பு வளைந்து வளைந்து இருந்தது. அப்பாவை நச்சரித்து, ஞாயிற்றுக்கிழமை கோட்டைப் பக்கம் நடைபாதையில் பழைய காசு விற்கும் பாயிடம் கொண்டுபோனேன். அவர் லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காசு எந்த உருவில் இருக்கலாம் என்று முடிவுசெய்வதற்கு முன் நாணயச் சாலையில் மாதிரிக்கு நாலைந்து அடித்துப் பார்ப்பார்களாம், அதில் ஒன்றாம் இது. புழக்கத்துக்கே வராததாம். தேய்த்துக் கழுவிவிடாதே, அந்தக் கறுப்பில்தான் மதிப்பு என்றார். விலை கேட்டார். நான் கையை மூடிக்கொண்டேன்.

திரும்பும்போது ரயிலில் அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். "பங்கார்ல கெடச்சது பங்கார்தாம்ளா" என்றார். நான் விடவில்லை. இந்தியாவிலேயே நாலைந்துதான் இருக்கிறது, அதில் ஒன்று நம் வீட்டில் என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். தெருவே கேலி செய்தது. அம்மா மட்டும் தோசையைத் திருப்பியபடி 'ம்' கொட்டினாள்.

அந்த மழைக்காலத்தில் தம்பிக்கு டைபாய்டு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒன்பதாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால், பீரோவுக்கு மேல் இருந்த என் காசு டப்பா கட்டிலில் திறந்து கிடந்தது. என் காசைப் புளி போட்டுப் பளபளவென்று துலக்கி, மஞ்சள் துணியில் முடிந்து, குலசாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள் அம்மா. பிள்ளை பிழைத்தால் ஊர்க்கோயில் உண்டியலில் போடுவதாக நேர்த்தி.

துலக்கியது தெரிந்ததும் அழுது புரண்டேன். அப்பாவுக்கே பொறுக்கவில்லை. "வேற காச வச்சு முடிஞ்சா என்ன? பிள்ள கெடந்து அழுதால்லா" என்றார்.

"முடிஞ்சத அவுக்கப்புடாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? அது சாமிக்குள்ளது ஆயிட்டு" என்றாள் அம்மா.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "அவன் செத்தா சாவட்டும். எங் காசக் குடு."

அப்பா அறைந்தார். அம்மா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. முடிச்சை எடுத்து எனக்கு எட்டாத பலகையில் வைத்துவிட்டு, கஞ்சித் தூக்குடன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. யாரும் கவனிக்கவில்லை என்பது அதற்குமேல் எரிச்சல்.

தம்பி பிழைத்தான். இன்று நூறு கிலோ இருக்கிறான். அடுத்த மே மாதம் ஊருக்குப் போய், அவன் கையாலேயே முடிச்சை உண்டியலில் போடவைத்தார்கள். எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நான் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

அறிவில்லாதவள், காசின் அருமை தெரியாமல் கைக்கு அகப்பட்டதை எடுத்து முடிந்துவிட்டாள் என்றே வருஷக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்தேன். அடுப்புப் பக்கத்திலேயே பால்காரருக்குக் கொடுக்கும் சில்லறை ஒரு கிண்ணம் நிறைய இருந்தது. அதை விட்டுவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, பீரோ மேலிருந்த டப்பாவை இறக்கி, நூறு காசுக்கு நடுவில் அந்த ஒன்றைத் தேடி எடுத்திருக்கிறாள். நான் சொன்னதை அந்த வீட்டில் நம்பியவள் அவள் ஒருத்திதான். அது அப்போது எனக்கு விளங்கவில்லை.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.