(எ) பாய்

1. என் வரி

கரையான்சாவடியில் மெயின் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சாதிக் டூ வீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். பட்டாபிராமிலிருந்து அவ்வளவு தூரம் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு நான் அவரிடம் போவதற்கு ஒரே காரணம், செய்யாத வேலையைச் செய்ததாக அவர் சொல்ல மாட்டார். எல்லோரையும் போல நானும் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு நாள் காலையில் கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார்.

"சார், நீங்க படிச்சவரு. இதுல இங்கிலீசுல இன்னா எழுதிகீதுன்னு பாத்து சொல்லுங்க."

மக்காவுக்கு உம்ரா போக அவருடைய அம்மாவுக்கு ஆசை. துணைக்கு இவர் போக வேண்டும். ஆனால் இவருடைய பாஸ்போர்ட் போலீஸ் விசாரணையில் நின்றுவிட்டது. காரணம், காவல் நிலையத்தில் இவர் பெயரில், வாடிக்கைக் குற்றவாளிகளுக்குத் திறக்கும் ஹிஸ்டரி ஷீட் ஒன்று இருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அதன் நகலை வாங்கியிருந்தார். எந்த வழக்கிலும் அவருக்குத் தண்டனை இல்லை, குற்றப்பத்திரிகைகூட இல்லை. அந்தப் பக்கம் பைக் காணாமல் போகும்போதெல்லாம் இவரைக் கூட்டிப் போய் உட்காரவைத்து, சாயங்காலம் அனுப்பியிருக்கிறார்கள். உட்காரவைத்த ஒவ்வொரு தடவையும் ஒரு பதிவு.

ஷீட் திறந்ததற்கான காரணம் முதல் பக்கத்தில் இருந்தது. குறிப்பிட்ட சமூகத்தினர் வழக்கமாகக் குற்றத்தில் ஈடுபடும் சந்து, தொடர் கண்காணிப்பு தேவை என்று ஒரே ஆங்கில வாக்கியம். மேற்கோள் குறிக்குள் இருந்தது. ஓர் ஆய்வறிக்கையிலிருந்து எடுத்தது.

அந்த வாக்கியத்தை எழுதியவன் நான்.

"இன்னா சார், மூஞ்சி ஒரு மாரி ஆயிட்ச்சு?" என்றார் சாதிக். கண்ணாடி சரியில்லை, வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கிறேன் என்றேன். உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

2. ஒன்பதை எடுத்த மத்தியானம்

நான் ஒரு குற்றவியல் ஆய்வு மையத்தில் ரிசர்ச் ஆபீசராக இருந்தவன். மையத்தின் பெயர் இங்கே வேண்டாம். சேர்ந்த முதல் வாரத்தில் டைரக்டர் ஒரு வெளிநாட்டு வினாப்பட்டியலைக் கொடுத்து, அதில் 'இனம்' என்று இருந்த இடத்தில் 'மதம்' என்று மாற்றி டைப் செய்யச் சொன்னார்.

"அங்க கலரு, இங்க ரிலீஜன். அவ்வளவுதான்யா வித்தியாசம்."

அங்கே நிறத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்பதைத்தான் அந்த நாட்டு ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாகக் குறை சொல்லியிருந்தார்கள். அதையெல்லாம் படித்திருந்தேன். படித்துவிட்டுத்தான் டைப் செய்தேன்.

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை உள்ள காவல் நிலையப் பதிவேடுகளைப் பார்த்து ஃபார்ம் நிரப்ப வேண்டும். எந்தப் பதிலுக்கு எந்த எண் என்று சொல்லும் கோடு புக்கைத் தயாரித்தது நான். இந்து 1, முஸ்லிம் 2, கிறிஸ்தவர் 3, தெரியவில்லை 9. பல பதிவுகளில் மதம் குறிக்கப்பட்டிருக்காது. சோதனைச் சுற்று முடிந்து பார்த்தால் பக்கம் பக்கமாக 9.

டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. "ஒம்போது ஒம்போதுன்னு போட்டுட்டு வந்தா மேல நான் என்னத்தக் காட்டுறது? பேரைப் பார்த்தா தெரியாதா?"

"சார், என் பேரு செல்வராஜ். நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவன்."

"உன்னை யாரு அரெஸ்ட் பண்ணப் போறா?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மத்தியானமே 9 என்ற வரியை அடித்துவிட்டு, 'பெயரைக் கொண்டு முடிவு செய்க' என்று என் கையாலேயே எழுதினேன். என் பெயரிலேயே தோற்றுப்போகும் விதி என்று தெரிந்துதான் எழுதினேன். தெரியாமல் நடந்தது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இனியும் சொல்லப் போவதில்லை.

3. நாலு பாய்

காவல் நிலையப் பதிவேட்டில் ஒருவருடைய பட்டப்பெயரை (எ) போட்டு எழுதுவார்கள். 'என்கிற' என்பதன் சுருக்கம். எங்கள் பக்கத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. அதில் 'பாய்' என்று முடியும் பெயர்கள் நிறைய வந்தன. இதற்கும் ஒரு விதி எழுதினேன்: (எ) பாய் என்றால் 2.

கறிக்கடையில், மெக்கானிக் கடையில் அது மரியாதையாகக் கூப்பிடும் சொல். அதே சொல் அடைப்புக்குறிக்குப் பின்னால் வந்தபோது நாங்கள் அதை எண்ணாக்கினோம்.

அடுத்த கட்டமாக, பதிவேட்டில் இருந்தவர்களில் சிலரைக் கிளைச் சிறையில் பேட்டி எடுத்தோம். கோபியை அங்கேதான் பார்த்தேன். முத்தாபுதுப்பேட்டைக்காரர், அப்பா விவசாயக் கூலி. அடிதடி வழக்கில் உள்ளே வந்திருந்தார். அவருடைய ஃபார்மில் ஏற்கெனவே 2 போட்டிருந்தது.

"யோவ் சார், நான் இன்னா பாயா? நெத்தில துன்னூறு தெரியல?"

பதிவேட்டில் 'கோபி (எ) பாய்' என்று இருக்கிறதே என்றேன்.

"அது பசங்க வச்ச பேரு சார். கரையான்சாவடில பிரியாணி கடைல அண்டா கழுவிகினு இருந்தேன்ல. மாடில நாலு பேரு படுத்துனு இருந்தோம், நாலு பேரும் பாய்தான். ஓனரு ஒருத்தருதான் நெசமான பாய். அவரு மேல கேசே இல்ல."

அந்த நாலு பேரும் காவல் நிலையத்தில் கொடுத்த முகவரி அந்தக் கடை இருந்த சந்து. சாதிக் கடை இருக்கும் அதே சந்து.

ஃபார்மின் ஓரத்தில் பென்சிலால் 'இந்து. சரிபார்க்க' என்று எழுதி டைரக்டரிடம் எடுத்துப் போனேன். டேட்டா என்ட்ரி முடிந்துவிட்டது, நாலு பேருக்காக டேபிளை மாற்றுவதா என்று கேட்டார். நாலு பேர்தானா என்று நான் தேடியிருக்க வேண்டும். தேடவில்லை. அந்த வாரமே அந்தச் சந்தைப் பற்றி அந்த வாக்கியத்தை எழுதினேன். ஆங்கிலம் பிரமாதம் என்று பாராட்டினார்.

அறிக்கை போன பிறகு போலீஸ் அந்தச் சந்தில் அதிகம் நின்றது. நின்றதால் அதிகம் பேரைப் பிடித்தது. இரண்டாம் சுற்று ஆய்வுக்கு நாங்கள் போனபோது பதிவேட்டில் அந்தச் சந்துக்காரர்கள் கூடுதலாக இருந்தார்கள். 'முந்தைய முடிவு உறுதியாகிறது' என்று எழுதினேன். நாங்கள் அனுப்பிவைத்த போலீஸ் பிடித்த ஆட்களை நாங்களே திரும்ப எண்ணினோம். அதற்கு ஆய்வு என்று பெயர்.

4. பரண்

சாதிக்கிடம் சொன்ன அன்று அவர் ஒரு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கத்தவில்லை.

"அப்போ கோபி போட்ட சண்டைக்கு நான் ஸ்டேசன்ல குந்திகினு இருந்தேனா?"

"ஆமா பாய்."

"அவன் இன்னிக்கும் என்னிய பாத்தா பாய்னு கூப்புடுவான். நானும் அவன பாய்னுதான் கூப்புடுவேன்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "பேப்பர் எதுனா கீதா சார்?" என்றார்.

இருந்தது. பழைய ஃபார்ம்களை மையம் கழித்துக்கட்டியபோது அந்தச் சந்துக்கான கட்டு ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் போட்டிருந்தேன். மனசாட்சியால் அல்ல. பின்னால் ஏதாவது வந்தால் பழி என் ஒருவன் மேல் விழக்கூடாது என்ற பயத்தால்.

ஷீட்டை மூடச் சொல்லி சாதிக் கோர்ட்டில் மனுப் போடுவது என்று முடிவாயிற்று. ஆனால் கோபியின் ஒப்புதல் இல்லாமல் அவருடைய ஃபார்மைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. முத்தாபுதுப்பேட்டைக்குப் போனேன். அவர் இப்போது சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறார். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"என்னிய பாய்னு எழுதுனத வுடு சார், அதுல இன்னா அவமானம். பாய்னாலே களவாணின்னு எழுதிவச்ச பாரு. நாங்க நாலு பேரும் நெசமாவே பாயா இருந்திருந்தா மட்டும் அது சரியாப் பூடுமா?"

ஆய்வு முறையியலில் பட்டம் வாங்கிய என்னிடம் இந்தக் கேள்வியை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. பேனாவைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார்.

விஷயம் தெரிந்து டைரக்டர் போன் செய்தார். அவரும் ஓய்வு பெற்று வெகு காலம் ஆகிறது. "செல்வராஜ், அந்த ஃபார்மெல்லாம் சென்டரோட ப்ராப்பர்ட்டி. திருட்டுக் கேஸ் போடுவாங்க."

"போடட்டும் சார். எஃப்.ஐ.ஆர்.ல என் மதம் என்னன்னு எப்படி எழுதுறாங்கன்னு பார்க்கலாம்."

"அது நீ எழுதின வரிய்யா. முதல்ல மாட்டுறது நீதான்."

"அதனாலதான் சார் போறேன்."

5. அபிடவிட்

பூந்தமல்லியில் சாதிக்கின் வக்கீல் ஆபீஸில் என் அபிடவிட்டை, அதாவது பிரமாண வாக்குமூலத்தை, டைப் செய்து கொடுத்தார்கள். முதல் வரியில், 'செல்வராஜ், இந்து, வயது 71' என்று இருந்தது.

"இந்துன்னு யாரும்மா சொன்னது?" என்று டைப் செய்த பெண்ணைக் கேட்டேன்.

"பேரைப் பார்த்துப் போட்டேன் சார். எல்லாருக்கும் அப்படித்தான் போடுறது."

சின்ன விஷயம், பேனாவால் திருத்திக்கொள்ளலாம் என்றார் வக்கீல். முடியாது, புதிதாக டைப் செய்யுங்கள் என்றேன். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "சரி சார், நீங்க என்ன மதம்?"

எங்கள் பதிவேட்டு அட்டவணையில் இருந்த ஒருவரிடமும் அந்தக் கேள்வியை நாங்கள் கேட்டது கிடையாது. பழக்க தோஷத்தில் "மூணு" என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. பிறகு சொன்னேன்.

சாதிக்கின் ஷீட்டை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. எங்கள் அறிக்கையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அறிக்கை இன்னும் நூலகங்களில் இருக்கிறது, மாணவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். திரும்பப் பெறச் சொல்லி மையத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதிலாக ஃபார்ம்களை ஒப்படைக்கும்படி ஒரு நோட்டீஸ் வந்தது. ஒப்படைக்க மாட்டேன். கேஸ் போட்டால் நல்லது. கோர்ட்டில் எல்லாவற்றையும் இன்னொரு தடவை உரக்கப் படிக்கலாம்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு: உங்கள் கோடு புக்கில் 9 இருக்கட்டும். அட்டவணை அசிங்கமாகத் தெரிந்தாலும் இருக்கட்டும். எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மறுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. நான் மறுத்துப் பார்த்ததில்லை. மறுக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும்.

சாதிக் அம்மாவை அழைத்துப் போய்விட்டுப் பேரீச்சம்பழத்தோடு திரும்பி வந்தார். கடைக்குப் போய் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"இன்னா சார் புதுசா சாதிக்குன்றீங்க? பாய்னே கூப்புடுங்க. அந்த வார்த்த இன்னா பண்ணுச்சு?"

அந்த வார்த்தை ஒன்றும் செய்யவில்லை. செய்தது நான். வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, "பாய், பிரேக் கொஞ்சம் பாருங்க" என்றேன்.