கோழிக்கு முதல் லோடு

"கோழி குடிச்சது போக மிச்சம் இருந்தாத்தான் உங்களுக்கு, அண்ணி!"

என் கொழுந்தன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். தெருவில் வண்டியை நிறுத்தி, தினமும் இதைச் சொல்லிவிட்டுத்தான் குழாயைத் திறப்பான். விடிந்ததும் வரவேண்டிய வண்டி வெயில் ஏறின பிறகுதான் வரும். குடத்தோடு காய்ந்து நிற்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்?

"காலையிலேயே வந்து தொலைய என்ன கேடு உனக்கு?" என்பேன்.

"முதல் லோடு கோழிப் பண்ணைக்குன்னு முதலாளி உத்தரவு. அங்க போர் வத்திப்போச்சு. நீங்களாவது கத்துறீங்க, அதுக கத்தாமலே செத்துப்போயிடும். ஞாயித்துக்கிழமை கோழிக்கடை வரிசையில நிக்கிறது யாரு?"

"ஏன், நீ நிக்கல?"

"நான் உங்களுக்கு முன்னாடி நிக்கிறேன்!"

பள்ளிக்கூடம் பிடிக்காமல் கிளீனராக லாரியில் ஏறியவன். குழாய் இணைப்பில் ஒரு சொட்டு ஒழுகினாலும் பழைய டியூபை வெட்டிச் சுற்றிவிட்டுத்தான் நகருவான். வாய் மட்டும் எப்போதும் ஒழுகும்.

என் நாத்தனாருக்கு, அதாவது இவனுடைய அக்காவுக்கு, வாய் இன்னும் பெரிசு. மகள் கல்யாணத்துக்கு அந்தப் பண்ணையிலேயே கோழிக்குச் சொல்லிவைத்தாள்.

"குஞ்சாட்டம் குடுத்துடாதீங்க. நல்லாப் பெருத்ததா வேணும்."

பண்ணைக்காரர் கோழிகளை விற்காமல் நிறுத்தி வளர்த்தார். கடும் கோடை. கோழி பெருக்கப் பெருக்க அதுக்குப் போகிற தண்ணீரும் கூடியது. தெருவுக்கு வந்த லோடும் பாதியானது.

"அக்கா, அளவா இருக்கும்போதே பிடிச்சுக்கோ. குடிச்சே நம்மள மொட்டையடிக்குதுக."

"உங்கிட்ட கோழியா கேட்டேன்? வண்டிய ஓட்டு."

கல்யாணத்தன்று காலை மண்டபத்துத் தொட்டி காலி. அங்கே வரவேண்டிய லோடையும் பண்ணை இழுத்துக்கொண்டுவிட்டது. வெட்டின கோழி மட்டும் அண்டா அண்டாவாக வந்து இறங்கியது. சமையல்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கழுவாத கறிய நான் தொடமாட்டேம்மா."

நாத்தனார் தம்பிக்குப் போன் போட்டாள். "டேய், எங்கடா இருக்க? வண்டிய மண்டபத்துக்குத் திருப்பு!"

அவன் வண்டியில் இருந்தது பண்ணைக்கு எழுதின லோடு. திருப்பினால் வேலை போகும். திருப்பாவிட்டால் அக்கா மகள் கல்யாணத்தில் பந்தியே நடக்காது. வந்துவிட்டான். முகம் மட்டும் சரியில்லை.

"அரை டேங்க் இறக்குறேன். பாக்கி பண்ணைக்கு. உன் கோழி செத்து வந்துடுச்சுக்கா, அங்க இருக்கிறது இன்னும் சாகல."

"அரை டேங்க்ல சோறு ஆக்கலாம், குடிக்கக் குடுக்கலாம், கை கழுவலாம்," என்றார் சமையல்காரர். "இத்தன கோழியக் கழுவுனா அதுல ஒண்ணும் நடக்காது."

நாத்தனார் அண்டாக்களைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். "இறக்கித் தொலைடா. காய்கறிய நறுக்குங்க!"

கோழி மண்டபத்து ஐஸ் அறைக்குப் போனது. பந்தியில் மாப்பிள்ளையின் சித்தப்பா இலையைத் துழாவினார்.

"கோழி எங்கம்மா?"

"தண்ணி குடிக்கப் போயிருக்கு," என்றாள் நாத்தனார், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

அரை லோடு வந்ததைப் பண்ணைக்காரர் சும்மா விடவில்லை. சாயங்காலமே லாரி முதலாளி வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

இப்போது கொழுந்தன் ஒரு பழைய சின்ன லாரியை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறான். முதல் லோடு எங்கள் தெருவுக்கு. ஆனால் தண்ணீர் பிடிக்கிற இடம் அதேதான்; முன்னால் பண்ணைக்குப் போகிற லாரிகள் நிற்கும். அதனால் அவன் புலம்பல் மட்டும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடையில் அவனைக் காணோமே என்று கேட்டேன்.

"லோடுக்கு நிக்கிறது போதாதா அண்ணி, கோழிக்கும் நிக்கணுமா?"

நீங்களும் ஒருமுறை போய் அவனைப் பாருங்கள். பெரிய ரோட்டோரம் தண்ணீர் பிடிக்கிற மோட்டார் கொட்டகை முன்னால், வரிசையில் கடைசியாக நிற்கிற நீல வண்டி. வீட்டில் விசேஷம் என்றால் கோழிக்குச் சொல்வதற்கு முன்பே போங்கள். சொல்லிவிட்டுப் போனால் திட்டுவான், வாங்கிக்கொள்ளுங்கள்.